ஐயத்தின் சுமை யார் தோளில்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், "அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதையே காரணம் காட்டி, வரக்கூடிய பெருங்கேட்டைத் தடுக்காமல் இருப்பது முறையன்று, இதற்கு முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று பெயர்" என்று எழுதி, அத்துடன் நிறுத்தியிருந்தேன். அது போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் காட்டின. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்தும் சுருக்கியும், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: "வருமுன் காப்போம்" என்று பெரியவர்கள் சொல்லி வந்ததைத்தானே இவர்கள் வேறு பெயரில் சொல்கிறார்கள்? இதில் புதிதாக என்ன இருக்கிறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வருமுன் காக்கும்போது வரப்போவது எது என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், அந்தக் கொசு டெங்குவைப் பரப்பும் என்பது ஐயமற நிறுவப்பட்ட செய்தியாதலால், மழைக்காலத்துக்கு முன்பே மாடியில் கிடக்கும் பழைய டயரையும் உடைந்த தொட்டியையும் அப்புறப்படுத்துகிறோம். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு தொடங்கும் இடம் வேறு. கேடு நேரக்கூடும் என்று எண்ணுவதற்கு நியாயமான அறிகுறிகள் இருக்கின்றன. ஆனால் நேர்ந்தே தீரும் என்றோ, எத்தனை பேரை எவ்வளவு பாதிக்கும் என்றோ சொல்ல ஆய்வுகள் போதவில்லை. ஆய்வு முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடக்கூடும். தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்த இடைவெளியில் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு கேள்வி.

மேற்கு ஜெர்மனியில் 1970களில் சுற்றுச்சூழல் சட்ட விவாதங்களில் உருப்பெற்ற இக்கருத்து, 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டின் பிரகடனத்தில் 15ஆவது கோட்பாடாக இடம்பெற்றது. கடுமையான அல்லது மீட்க முடியாத சேதம் நேரும் அபாயம் இருக்கும்போது, முழுமையான அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணமாக்கி, செலவுக்கேற்ற பலன் தரும் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதன் சாரம். எதையும் தடை செய்யுமாறு அது ஆணையிடவில்லை என்பதைக் கவனியுங்கள். "இன்னும் நிரூபணமாகவில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடும் வசதியை மட்டுமே அது ஆட்சியாளர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த வசதி பறிபோன பிறகு அவர்கள் எதைச் செய்ய வேண்டும் என்பதை அந்தந்தச் சூழலில் எடைபோட்டுத்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் பகுதித் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கில்தான் இந்தக் கோட்பாடு இந்தியச் சட்டமானது என்று படித்தேன். ஆனால் எங்கள் கிணறுகள் கெட்ட பிறகுதானே தீர்ப்பே வந்தது? அதில் முன்னெச்சரிக்கை எங்கே இருந்தது?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: சட்ட நூல்கள் பலவும் கேட்கத் தவறிய கேள்வியைத் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் 1991இல் தொடுத்த அந்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஆலைகள் பெருமளவு சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை வயல்களிலும் ஓடைகளிலும் ஆற்றிலும் விட்டுவந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய முறை பின்தங்கி, குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவியதோடு இந்தக் கேடும் பரவியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுவதையும், ஏறக்குறைய 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுவதையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகக் கண்டிருந்தது.

ஆகவே நீதிமன்றத்தின் முன் இருந்தது ஐயத்துக்குரிய எதிர்காலம் அன்று. கண்முன் கிடந்த சேதம். அதற்குப் பொருத்தமாக அமைந்தது, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற மற்றொரு கோட்பாடுதான். ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியின்றி இயங்கத் தடை ஆகிய உத்தரவுகள் எல்லாம் அதன் வழி வந்தவையே. இருந்தும் அந்தத் தீர்ப்பு முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது. அறிவித்தபோது ரியோவின் வாசகத்தை அது அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "செலவுக்கேற்ற பலன்" என்ற நிபந்தனை விடப்பட்டது. "கடுமையான அல்லது மீட்க முடியாத" என்றிருந்தது "கடுமையான மற்றும் மீட்க முடியாத" என்றானது. ரியோவில் இல்லாத மூன்றாவது கூறு ஒன்று சேர்க்கப்பட்டது: தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிறுவும் பொறுப்பு அதைச் செய்பவரையே சாரும் என்பது அது. என் பார்வையில் அத்தீர்ப்பின் மிகப்பெரிய பங்களிப்பு இந்த மூன்றாவது கூறுதான்.

உண்மையாகவே ஐயத்தின் நடுவே முடிவெடுக்க வேண்டிய வழக்கு ஹைதராபாத்திலிருந்து வந்தது. 1908ஆம் ஆண்டு மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் ஆட்சியில் கட்டப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய இரு ஏரிகளும் அந்நகரின் குடிநீர் ஆதாரங்கள். அவற்றைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் மாசு விளைவிக்கும் தொழில்கள் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த எல்லைக்குள் ஆமணக்கெண்ணெய் சார்ந்த பொருட்களைத் தயாரிக்க ஒரு நிறுவனம் முன்வந்தபோது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டு அமைப்போ, ஆலையின் தொழில்நுட்பம் பாதுகாப்பானது என்ற நிபுணர் சான்றை ஏற்று அனுமதியளித்தது. ஏரி கெடுமா கெடாதா என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலை. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜகந்நாத ராவ் எழுதிய தீர்ப்பு, இயற்கை எவ்வளவு மாசைத் தாங்கும் என்பதை அறிவியல் கணக்கிட்டுச் சொல்லிவிடும் என்ற பழைய நம்பிக்கை எப்படித் தளர்ந்தது என்பதை விரிவாக எடுத்துரைத்தது. நிபுணர்களின் ஆய்வையும் கேட்டுப் பெற்ற பின், 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த அனுமதியை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஏரி கெடாத நிலையிலேயே முடிவு எடுக்கப்பட்டது என்பதால், தாங்கள் தேடும் முன்னெச்சரிக்கை இந்த வழக்கில்தான் இருக்கிறது.

பாலாற்றின் கதை முடியவில்லை என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அந்த ஆற்றங்கரை மக்களுக்கு இழப்பீடு வழங்கவும், மாசுபடுத்தியோரிடமிருந்து அதை வசூலிக்கவும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். உப்பேறிய மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை அறிய இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கேள்வி: தன் தொழில் தீங்கற்றது என்று தொழில் செய்பவரே நிரூபிக்க வேண்டும் என்பது, குற்றம் சாட்டப்பட்டவரே தாம் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும் என்பது போன்ற அநியாயம் இல்லையா? நான் ஒரு சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன்.
– வாசகர், திருப்பூர்

பதில்: தங்கள் மனவேதனை புரிகிறது, ஆனால் அந்த ஒப்புமை பொருந்தாது. குற்ற வழக்கில் ஐயத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தருகிறோம், ஏனெனில் தவறு நேர்ந்தால் ஒரு மனிதர் தம் சுதந்திரத்தை இழக்கிறார். தொழிற்சாலைக்கு அனுமதி வழங்கும்போது தவறு நேர்ந்தால் இழப்பவர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடிநீர் எடுப்பவர். அவர் அந்த விசாரணையில் ஒரு தரப்பாகக்கூட இருப்பதில்லை. மேலும், எந்தச் சாயத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்ற விவரங்கள் பட்டறைக்காரரிடம்தான் இருக்கின்றன. தெரிந்தவரிடம் கேட்பதுதானே இயல்பு?

மருந்துகளில் இந்த வழக்கத்தை நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். தாலிடோமைடு என்ற தூக்க மருந்து 1957 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்கப்பட்டது; கருவுற்ற பெண்களும் அதை உட்கொண்டனர். 1960இல் அமெரிக்காவில் விற்பனை அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தபோது, அதைப் பரிசீலித்த மருத்துவர் பிரான்சஸ் கெல்சி, பாதுகாப்புச் சான்றுகள் போதவில்லை என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். அவரைக் கூடுதலாகக் கவலைப்பட வைத்தவை கை கால் நரம்புகள் பாதிக்கப்படுவதாக வந்த செய்திகள். கருவிலிருக்கும் குழந்தையின் உறுப்புகளை அம்மருந்து சிதைக்கிறது என்பது 1961 நவம்பரில்தான் வெளிப்பட்டு, ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைபாடுகளோடு பிறந்திருந்தனர். கெல்சி அஞ்சியது ஒன்று, நேர்ந்தது வேறொன்று. இருந்தும் பொறுப்பு விற்பவர் மீது இருந்ததால் அமெரிக்கா பெரும்பாலும் தப்பியது.

தங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தக் கேடும் எந்நாளும் வராது என்று உலகில் எவராலும் நிரூபிக்க முடியாது. அதைக் கேட்பது முன்னெச்சரிக்கை ஆகாது, கதவடைப்பாகும். இன்னின்ன சோதனைகள், இன்ன காலத்துக்குள், இன்ன அளவுக்குள் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. சிறு பட்டறைகள் தனித்தனியே தாங்க முடியாத சோதனைச் செலவைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகப் பகிர்ந்துகொள்ள உதவும் கடமையும் அதற்கு உண்டு.

கேள்வி: முழுச் சான்று கிடைக்கும் முன்பே செயல்பட்டு, அது சரியாகவும் அமைந்த ஒரு நிகழ்வைச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஓசோன் படலத்தைக் காத்த கதையைச் சொல்கிறேன். குளிர்பதனப் பெட்டியிலும் நறுமணத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் மேல்வளிமண்டலத்தை அடைந்து ஓசோனை அழிக்கக்கூடும் என்று வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அன்று அது வேதியியல் கணக்கீட்டிலிருந்து பிறந்த எச்சரிக்கை. வானில் எவரும் அந்த அழிவைக் கண்டிருக்கவில்லை. 1985இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வாளர்கள் தென்துருவத்தின் மீது ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தபோதும், காரணம் இந்த வாயுக்கள்தானா அல்லது காற்றோட்ட மாற்றமா என்ற விவாதம் நீடித்தது. அந்த விவாதம் தீராத நிலையில்தான், 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

அந்த உடன்படிக்கையில் நான் மிகவும் மதிப்பது அதன் அமைப்பை. எடுத்த எடுப்பில் முழுத் தடை என்று அது சொல்லவில்லை. முக்கியமான வாயுக்களின் பயன்பாட்டைப் படிப்படியாகப் பாதியாகக் குறைப்போம், குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிவியல் நிலையை மறுபடி ஆராய்வோம், சான்றுக்கேற்ப அளவுகளை மாற்றுவோம் என்று அது வகுத்தது. காரணம் உறுதியானதும் 1990இல் லண்டனில் கூடி, குறைப்பை முழு நிறுத்தமாக மாற்றினார்கள். மாற்றுப் பொருட்களுக்குச் செல்ல வளரும் நாடுகளுக்கு உதவும் நிதியையும் ஏற்படுத்தினார்கள். அதன் பின்னரே, 1992இல், இந்தியா இணைந்தது. எச்சரிக்கை தவறென்று தெரிந்திருந்தால் அதே ஏற்பாட்டைக் கொண்டு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருக்கவும் முடியும். அறியாமையை ஒப்புக்கொண்டு, அறிவு வளர வளர முடிவைத் திருத்திக்கொள்ளும் வழியை முடிவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

கேள்வி: மரபணு மாற்றக் கத்தரிக்காயை 2010இல் நிறுத்தி வைத்தார்கள். நான் கத்தரி பயிரிடுபவன். காய்ப்புழுவுக்கு வாரத்துக்கு இரண்டு முறைகூட மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவு சரியா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: நிறுத்தி வைத்தது சரி, நிறுத்தி வைத்த முறை குறையுடையது என்பது என் கருத்து. மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2009 அக்டோபரில், காய்ப்புழுவைத் தானே எதிர்க்குமாறு மரபணு மாற்றப்பட்ட அந்த விதைக்கு இசைவளித்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அதை நிறுத்தி வைத்தார். அவர் முன்வைத்த காரணங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. அறிவியலாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சோதனைகளில் பெரும்பகுதி விதையை உருவாக்கிய நிறுவனத்தின் பொறுப்பிலேயே நடந்ததால் சுதந்திரமான சோதனை தேவைப்பட்டது. பல மாநில அரசுகள் எதிர்த்தன. கத்தரியின் எண்ணற்ற நாட்டு வகைகளுக்கு இந்தியா தாயகம் என்பதால், அவற்றோடு புதிய மரபணு கலந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. உணவுப் பஞ்சம் போன்ற உடனடி நெருக்கடியும் இல்லாத நிலையில், பொறுத்திருப்பதால் ஏற்படும் இழப்பு சிறியது, அவசரப்படுவதால் ஏற்படக்கூடிய இழப்பு பெரியது என்று அவர் எடைபோட்டார்.

குறை எங்கே என்றால், எந்த ஆய்வை யார் நடத்தி எந்த முடிவு வந்தால் தடை நீங்கும், எந்த முடிவு வந்தால் நிரந்தரமாகும் என்பது காலவரையறையோடு சொல்லப்படவில்லை. அதனால் இடைக்காலத் தடை என்று தொடங்கியது, ஆய்வும் இன்றி முடிவும் இன்றி நீண்டுவிட்டது. இதற்கிடையே வங்கதேசம் 2013 அக்டோபரில் இசைவளித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளிடம் நாற்றுகளைக் கொடுத்துத் தொடங்கியது. அங்கே பூச்சிமருந்துப் பயன்பாடு குறைந்ததாகப் பின்னர் வந்த கள ஆய்வுகள் காட்டின. தாங்கள் வாரந்தோறும் தெளிக்கும் மருந்தும் தங்கள் நுரையீரலுக்கும் உண்பவரின் உடலுக்கும் ஒரு கேடுதான்; முன்னெச்சரிக்கை பேசுவோர் அந்தக் கேட்டையும் தராசில் வைத்திருக்க வேண்டும். புதியதன் அபாயத்தை மட்டும் எடைபோட்டு, பழக்கத்தில் இருப்பதன் அபாயத்தை மறந்துவிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

கேள்வி: எங்கள் நாட்டில் 2021இல் இரசாயனப் பசளையை (உரத்தை) ஒரே நாளில் தடைசெய்தபோதும் மக்களின் உடல்நலத்தைக் காக்கும் முன்னெச்சரிக்கை என்றுதான் சொன்னார்கள். பெரும்போகத்தில் (மழைக்கால நெற்பருவத்தில்) எங்கள் வயல்கள் என்ன ஆயின என்பது உலகறிந்தது. இதன் பிறகும் இந்தக் கோட்பாட்டை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஆதரிக்கிறேன், அதே சமயம், தங்கள் கேள்வியை இக்கோட்பாட்டைப் பேசுகிற ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கருதுகிறேன். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல ஆண்டுகளாக விவசாயக் குடும்பங்களை வாட்டி வருவது உண்மை. வேளாண் இரசாயனங்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற ஐயமும் வெறும் வதந்தி அன்று. ஆகவே ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச தரப்பு அளித்த வாக்குறுதியே, இயற்கை வேளாண்மைக்குப் பத்தாண்டுகளில் படிப்படியாக மாறுவது என்பதுதான். 2021 மே மாதம் வந்ததோ, இரசாயனப் பசளைகளும் பீடைகொல்லிகளும் நாட்டுக்குள் வருவதையே நிறுத்திய அறிவித்தல். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அந்த முடிவின் பின்னால் இருந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை.

ஒரு தடையும் ஒரு செயல்தான். அதன் விளைவுகளும் உறுதியற்றவைதான். போதிய சேதனப் பசளை (இயற்கை உரம்) நாட்டில் இருக்கிறதா, அது பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை உரிய நேரத்தில் தருமா, விளைச்சல் குறைந்தால் அரிசியை எங்கிருந்து வாங்குவது, தேயிலைக் கொழுந்தைப் பறித்து வாழும் மலையகக் குடும்பங்களின் வருமானம் என்னாகும் என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை தெரிந்திருந்ததா? இரசாயனத்தின் தீங்கைப் பற்றிய ஐயத்தைக் கருத்தில் கொண்டவர்கள், பசியைப் பற்றிய ஐயத்தைக் கருத்தில் கொள்ளவில்லை. ரியோ வாசகத்தில் இருந்த "செலவுக்கேற்ற பலன்" என்ற சொற்கள் இங்கேதான் உயிர்பெறுகின்றன. நோய் மிகுந்த பகுதிகளில் தூய குடிநீர் வழங்குவது, ஐயத்துக்குரிய சில இரசாயனங்களை மட்டும் முதலில் கட்டுப்படுத்துவது, சில மாவட்டங்களில் மாற்றுமுறையைச் செய்து பார்த்து அளப்பது என்று எத்தனையோ வழிகள் இருந்தன. அவற்றுள் எதையும் பின்வாங்க முடியும். 2021 நவம்பரில் அரசு தடையைத் தளர்த்தியபோது, பெரும்போக விதைப்புக்குரிய காலம் பயிருக்குப் பசளையின்றியே பெருமளவு கழிந்துவிட்டது. அந்தப் போகத்தை எந்த அறிவித்தலாலும் திருப்பித் தர முடியவில்லை. தங்கள் மண்ணில் நடந்ததை முன்னெச்சரிக்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் கைப்பேசிக் கோபுரம் வைக்கிறார்கள். புற்றுநோய் வரும் என்கிறார்கள் சிலர், வராது என்கிறார்கள் சிலர். இதற்கு இக்கோட்பாடு என்ன சொல்கிறது?
– வாசகர், தாம்பரம்

பதில்: 2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கைப்பேசியும் கோபுரமும் வெளியிடும் அலைகளை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் வைத்தது, சான்று வலுவற்றது, ஆனால் முற்றிலும் ஒதுக்கத்தக்கது அன்று என்பது அதன் பொருள். 2012 செப்டம்பர் முதல், பன்னாட்டு வழிகாட்டி வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் கோபுர அலைகள் இருக்க வேண்டும் என்று இந்தியா விதித்தது. கோபுரங்களைத் தடுக்காமல், அஞ்சுவதற்கான காரணத்தையும் புறக்கணிக்காமல் எடுத்த அளவான முடிவு அது. தங்கள் தெருக் கோபுரம் அந்த வரம்புக்குள் இயங்குகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் அஞ்சுவதற்கு இன்றுள்ள சான்றில் இடமில்லை.

கேள்வி: எவருமே சந்தேகிக்காத கேட்டை இக்கோட்பாடு எப்படித் தடுக்கும்? மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகளை எண்ணும் பணியில் ஈடுபட்டவன் என்ற முறையில் கேட்கிறேன்.
– வாசகர், கூடலூர்

பதில்: தடுக்காது. அதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். மாட்டின் வலியையும் வீக்கத்தையும் குறைக்க டைக்ளோபினாக் கொடுக்கப்பட்டபோது, மாட்டுக்கு அது பாதுகாப்பானதா என்று கேட்டார்கள். இறந்த மாட்டை உண்ணும் பறவையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. 1990களில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் மறையத் தொடங்கியதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்தனர். முதலில் தொற்றுநோய் என்றுதான் ஐயுற்றார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானபோதுதான், அந்த மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது தெரிந்தது. அதற்குள், 1990களின் தொடக்கத்தில் இலட்சக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில் அழிந்துவிட்டன.

இங்கே நமக்கு உதவியது, எதற்கென்று தெரியாமலேயே ஆண்டுதோறும் பறவைகளை எண்ணி வைத்தவர்களின் குறிப்பேடுகள். காரணம் தெரிந்தபின், கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை 2006இல் இந்தியா தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து கைவசம் இருந்ததால் மாடு வளர்ப்போருக்கும் பெரிய இழப்பில்லை. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்கும் போடப்பட்டு வந்ததால், 2015இல் குப்பியின் அளவையும் 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய மற்ற மருந்துகளைக் கால்நடைகளுக்குத் தடைசெய்ய 2023 வரை ஆனது. ஒரு மருந்து பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தபிறகு, அதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளை அந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பானவை என்று காட்டினாலொழிய அனுமதிக்காமல் இருந்திருக்க வேண்டும். 2004இல் அது எவரும் சந்தேகிக்காத கேடாக இருக்கவில்லை. அந்த இடத்தில் கோட்பாடு பொருந்தியிருக்கும், நாம் அதைப் பயன்படுத்தவில்லை. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தாங்கள் எண்ணி எழுதும் எண்களை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஓர் ஆலைக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வரவிருக்கிறது. சாதாரண மக்கள் இந்தக் கோட்பாட்டை வைத்து என்ன கேட்க முடியும்?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். முதலில் அதைப் பெற்று, "பாதிப்பு இல்லை" என்று எழுதியிருக்கும் இடங்களை அடிக்கோடிடுங்கள். பாதிப்பு இல்லை என்று அளந்து கண்டார்களா, அல்லது அளக்காததால் இல்லை என்று எழுதினார்களா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். எந்தக் கிணறுகளில், எந்த மாதங்களில் நீர் எடுத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். இவர்களுடைய கணிப்பு பிழையானால் முதலில் எது கெடும், அது கெடுவது எத்தனை நாளில் தெரியவரும், தெரிந்ததும் ஆலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கும், கெட்டது மீளுமா என்று கேளுங்கள். ஆலை வராவிட்டால் ஊர் எதை இழக்கும் என்பதையும் அதே நேர்மையோடு பேசுங்கள்; வேலைவாய்ப்பை எதிர்பார்த்து அந்தக் கூட்டத்துக்கு வருபவரும் உங்கள் ஊர்க்காரர்தான்.

சொல்வது எல்லாம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அனுமதி வழங்கப்பட்டு, அதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால், 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைப் பின்பற்றியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பாயத்துக்குக் கட்டளையிடுகிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, கூட்டத்தில் நீங்கள் கேட்டு விடை கிடைக்காத கேள்விகளை அதன் கீழ் வரிசையாக எழுதுங்கள்.